எட்டு காட்டிய மீட்டர்

வேதாரண்யம்
6 செப்டம்பர் 2024, வெள்ளி

பிரகதி,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்த தாளை அனுப்பப் பிடிக்காமல் வேறு தாள் எடுத்தேன். இப்படி ஒன்றுக்கு இரண்டு முறை செய்கிற ஆள்தான் நான். மேனேஜரிடம் நீ சொன்னது சரிதான், நான் மெதுவானவள்.

உன் ஃபோனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் நம்பருக்குப் போட்டால் "பிரகதீஸ்வரி மேடம் வேலையா இருக்காங்க" என்கிறார்கள். அதனால் இதைப் புரோப் பெட்டியின் வெளிப்பையில் வைக்கிறேன். இரண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கும் ஒரே புரோப் என்பதால் பெட்டி வியாழன் மாலை வீரையண்ணன் வேனில் இங்கே வருகிறது, சனி காலை தஞ்சாவூர் திரும்புகிறது. திறக்கிற ஆள் நீ ஒருத்திதான். படித்துத்தான் ஆக வேண்டும்.

புரோப் கசிகிறது. தொட்டித் தண்ணீரில் முக்கிக் கசியும் மின்சாரத்தை அளந்ததில் இன்றைக்கு 78 காட்டியது. போன வெள்ளி 76. ஆகஸ்ட் இரண்டாம் தேதியிலிருந்து இது ஆறாவது வெள்ளி, ஒருநாள்கூட ஐம்பதுக்குக் கீழே வரவில்லை. ஜூலை கடைசி வரைக்கும் இதே தொட்டியில் இதே மீட்டரில் இருபத்து மூன்று, இருபத்து நாலுதான். ஐம்பது மைக்ரோ ஆம்பியரைத் தாண்டினால் ஆளுக்குப் போடக்கூடாது என்று நம் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இது தோள்மேல் வைத்துப் பார்க்கிற சாமான் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக விழுங்கவைத்து, இதயத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திப் படம் பார்க்கிற குழாய். உறையில் ஓட்டை இருந்தால் மின்சாரம் வெளியே வரும். கிருமிநாசினி உள்ளே போய்த் தங்கி அடுத்த ஆளின் தொண்டையில் ஒழுகும். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். தெரிந்தும் செய்யாதவர்களுக்கு எழுதித்தான் காட்டவேண்டியிருக்கிறது.

மேனேஜரிடம் ஆகஸ்டிலேயே ஃபோனில் சொன்னேன். "கடற்கரை ஊரு, எர்த்திங் சரியா இருக்காதும்மா. நீ ஃபெயில்னு எழுதிட்டு பேஷன்ட்ட இங்க அனுப்பிடு" என்றார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒருமுறை நிதானமாகச் சோதித்துப் பார். உன் வேகத்தில் இல்லை, என் வேகத்தில்.

இந்த ஊர் எப்படி என்று நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரில் டீ போட்டால் உப்புக் கரிக்கிறது. தலைமுடி தென்னங்கயிறு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போக, பாபநாசம் வரைக்கும் மூன்று பஸ் மாற வேண்டும்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
11 செப்டம்பர் 2024, புதன்

செவ்வந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டியின் பையில் சோதனைச் சீட்டைத் தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். சரி, மரியாதை போதும், எனக்கே சிரிப்பு வருகிறது.

நீ சொன்னபடி நிதானமாகச் செய்தேன். திங்களன்று ஒருமுறை, இன்று இரண்டுமுறை. எட்டு. எட்டு. மறுபடியும் எட்டு. எழுபத்தெட்டு இல்லை, செவ்வந்தி. வெறும் எட்டு. இந்தத் தஞ்சாவூர் கழுவும் அறையில் இவ்வளவு நல்ல எண்ணை நீ இருந்தபோது பார்த்ததுண்டா?

ஏன் தெரியுமா? நீ போன பிறகு நான் சும்மா உட்காரவில்லை. குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்து, துடைத்துத் துடைத்து நம் விரல் தேய்ந்ததே, நினைவிருக்கிறதா? நாலுமுறை எழுதிக் கேட்டு, ஐந்தாவது முறை பெரிய டாக்டர் முன்னாலேயே கேட்டு, மார்ச் பதினெட்டாம் தேதி கழுவும் அறைக்கு ஆர்.ஓ. தண்ணீர் வாங்கினேன். கழுவுவது, அலசுவது, சோதனைத் தொட்டி நிரப்புவது எல்லாம் இப்போது அதில்தான். புரோப் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரே புரோப். இங்கே எட்டு, அங்கே எழுபத்தெட்டு. வழியில் திருத்துறைப்பூண்டியில் இறங்கி அது கெட்டுப்போகிறதா என்ன? உன் மீட்டரைப் பார், உன் எர்த்திங்கைப் பார். இல்லை, உன் மனசைப் பார். அந்த ஊருக்கு அனுப்பியதை நீ இன்னும் ஜீரணிக்கவில்லை. என்மேல் இருக்கும் கோபத்தை என்னிடம் காட்டு, வாயில்லாத கருவியிடம் காட்டாதே.

வீரையண்ணன் "என்னம்மா, பெட்டியில லெட்டரெல்லாம் போவுது" என்று கேட்டார். சோதனைச் சீட்டு என்றேன். அவர் நம்பவில்லை.

பிரகதி


வேதாரண்யம்
13 செப்டம்பர் 2024

பிரகதி,

எர்த்திங்கைப் பார்த்தாயிற்று. எங்கள் ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன் மீரா சாகிப் பாய் அரைநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பாயின்ட்டாகப் பார்த்தார். "பாப்பா, இதுல குத்தம் சொன்னா நான் தொழில விட்டுடறேன்" என்றார். மீட்டரும் ஜூனில் சரிபார்த்து வந்ததுதான், சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மனசையும் பார்த்தேன். அதில் கோபம் இருக்கிறதுதான். ஆனால் கோபம் மீட்டர் முள்ளைத் தள்ளாது.

இன்றைக்கு 81. கூடிக்கொண்டே போகிறது.

குழாயில் நாற்பது என்று அச்சடித்த கோடு இருக்கிறதே, அதிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, அடிப்பக்கத்தில் நகத்தால் மெல்லத் தடவிப் பார். நெல் உமி அளவுக்கு ஒரு கீறல் தட்டுப்படும். யாரோ கடித்திருக்கிறார்கள். குழாயில் பல் படாமலிருக்க வாயில் வைக்கிற கடிப்பானை வைக்காமல் அவசரத்தில் இறக்கியிருப்பார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இங்கே ஜூலை கடைசியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் போட்டோம், கடிப்பான் வைத்துக் கொடுத்தவள் நான்.

எனக்குத் தாங்காத விஷயம் வேறு. இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் வந்தோம். பாபநாசத்தில் நீ ஏறி எனக்கு இடம் போட்டு வைப்பாய். உன் டிபன் டப்பாவில் பாதி என்னுடையது. அப்படிப்பட்ட நீ, யாராவது ஒருத்தர் வேதாரண்யம் போகவேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, "செவ்வந்தி ஒரு புரோப்புக்கு நாப்பது நிமிஷம் எடுத்துக்கறா சார், இங்க கூட்டத்துக்குத் தாங்காது" என்று சொன்னாய். என்னிடம் சொல்லியிருந்தால் நானே போகிறேன் என்று சொல்லியிருப்பேன். அந்த நாற்பது நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
18 செப்டம்பர் 2024

செவ்வந்தி,

தடவிப் பார்த்தேன். ஏதோ தட்டுப்படுவது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தடவினால் எனக்கு என் விரலிலேயே கீறல் தெரிகிறது. பெரிய டாக்டரிடம் காட்டினேன். விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீடிங் என்ன?" என்றார். எட்டு என்றேன். "அப்புறம் என்ன?" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எண் இருக்கும்போது விரலை யார் நம்புவார்கள், சொல்.

மேனேஜரிடம் சொன்னதைப் பற்றி. ஆமாம், சொன்னேன். இந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒத்துக்கொள்கிறேன், எழுத்தில் என்பதால் முகம் பார்க்கவேண்டியதில்லை. பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான். அப்போது எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதாரண்யத்தில் தனியாக அறை எடுத்து இருக்கப்போகிறேன் என்றால் அப்பா வேலையை விடச் சொல்லிவிடுவார். தங்கையன் மகள் ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிக் குழாய் கழுவுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவது ஏற்கெனவே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் பயந்துவிட்டேன். வாயில் முதலில் வந்தது உன் பெயர். காரணம் ஏதாவது சொல்லவேண்டுமே என்று நாற்பது நிமிஷத்தைச் சொன்னேன். அந்த மாப்பிள்ளை வேறு வேண்டாம் என்றுவிட்டான், அது உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்.

மன்னிப்பு கேட்கிறேனா என்றால், தெரியவில்லை. கேட்டால் நீ உடனே, 'அப்படியென்றால் புரோப்பும் கெட்டதுதான்' என்பாய். இரண்டும் வேறு வேறு. நான் உனக்குச் செய்தது தப்பு. என் சோதனை தப்பில்லை.

இனி எழுதாதே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பையைத் திறக்கும் முன்பு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரகதி


வேதாரண்யம்
4 அக்டோபர் 2024

பிரகதி,

எழுதாதே என்றாய். இரண்டு வாரம் எழுதவில்லை. இன்றைக்கு வேறு வழியில்லை.

அப்பா போன சனிக்கிழமை நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயலில் இருந்தவர்கள் தூக்கிவந்து மோட்டார் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொள்கிறது என்று சொன்னாராம். நம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத்தான் அண்ணன் கொண்டுவந்தான். துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது, ஷாக் கொடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பிப் போய் மூளையை அடைத்துவிடும், அதனால் முதலில் வாய்வழி எக்கோ பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்டோபர் 14, திங்கள், காலை பத்து மணி. பெயர் இளையபெருமாள், வயது 61. உன் பட்டியலில் பார், இருக்கும்.

எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இங்கே இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.

அப்பாவுக்கு அந்தப் புரோப் வேண்டாம், பிரகதி. அவர் யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். தொண்டை வெந்துபோனால்கூடக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு நடவுக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு மட்டும் வேண்டாம். திருச்சிக்கு அனுப்பச் சொல். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல். நான் பைத்தியம் பிடித்துக் கத்துகிறேன் என்றுகூடச் சொல்.

இன்றைக்கு 86.

கோபமெல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு கணக்குத்தான் மண்டையைக் குடைகிறது. இந்தப் புரோப் புதிதாக வந்த அன்று பெட்டியைப் பிரித்து நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சோதித்தோம். இருபத்திரண்டு காட்டியது. ஓட்டையே இல்லாத புதுப் புரோப்புக்கு இருபத்திரண்டு. ஐந்நூறு பேர் தொண்டைக்குப் போய்வந்த பழசுக்கு எட்டா? கிழவனுக்குப் பல் முளைக்குமா? உன் எண் நல்ல எண் இல்லை, அளவுக்கு மீறி நல்ல எண்.

ஒன்று செய். ஸ்டோரில் பழைய புரோப் ஒன்று கிடக்கிறதே, நோயாளி கடித்து உறை கிழிந்து உள்கம்பி வெளியே தெரியுமே, வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருப்போமே, அதை உன் தொட்டியில் போட்டு உன் மீட்டரில் மாட்டு. அது நூறைத் தாண்டினால் நான் சொன்னதெல்லாம் பொய். நானே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறேன்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
9 அக்டோபர் 2024, புதன், மதியம்

செவ்வந்தி,

உன் அப்பா பெயரைப் பட்டியலில் பார்த்தேன். ஆனாலும் ஒன்று சொல்வேன், அப்பா பெயரை வைத்து என்னை மடக்குகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால்தான் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தும் ஸ்டோர் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கழுவும் அறையை ஒதுங்கவைக்கிறோம், மீட்டருக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைக்க எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே யோசித்தேன், பூஜை போடுகிற சாமானை ஒருமுறை சந்தேகப்படுவதில் என்ன குறைந்துவிடும் என்று. பழைய புரோப்பை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பார்த்துவிட்டுத் தொடர்கிறேன். நூறைத் தாண்டும். தாண்டியதும் உன் ராஜினாமாக் கடிதத்துக்கு நானே வாசகம் எழுதித் தருகிறேன்.

மாலை நாலு மணி

ஒன்பது.

அந்தக் கிழிந்த புரோப் ஒன்பது காட்டியது, செவ்வந்தி. கம்பி பல்லிளித்துக்கொண்டு தண்ணீருக்குள் கிடக்கிறது, மீட்டர் ஒன்பது என்று காட்டிப் பச்சை விளக்கைப் போடுகிறது.

மீட்டரைத் தட்டினேன். வயரை மாற்றினேன். ஒன்பதுதான். புரோப்பையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தொட்டியில் இரண்டு கம்பியை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் வழியாக ஒன்றுமே போகவில்லை. வாளி எடுத்துக்கொண்டு தோட்டத்துப் போர்க் குழாய்க்குப் போனேன், மோட்டார் ரிப்பேர். அப்படியே கேன்டீனுக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பு கேட்டேன். "என்னம்மா, கண்ணு பட்டுடுச்சா, சுத்திப் போடப் போறியா?" என்று கேட்டார்கள். தொட்டியில் போட்டுக் கையாலேயே கலக்கினேன்.

கிழிந்த புரோப், மீட்டரின் எல்லையையே தாண்டியது. நம் புரோப், 85.

உன் ஊர்த் தண்ணீர் தானாகவே உப்பு. இங்கேயும் முன்னால் இருந்த போர்த் தண்ணீரில் போதிய உப்பு இருந்தது. அதனால் நம் இருவருக்கும் யாரும் உப்பு போடு என்று சொல்லவேயில்லை, "தொட்டியை ரொப்பு" என்று மட்டும்தான் சொன்னார்கள். இப்போதுதான் அந்த விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பதினாலாம் பக்கத்தில் பளிச்சென்று போட்டிருக்கிறது, உப்புக் கரைசல் என்று. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்தோம். நான் நாலுமுறை எழுதிக் கேட்டு, ஐந்தாவது முறை சண்டை போட்டு வாங்கிய தண்ணீர் அது.

மார்ச் பதினெட்டிலிருந்து நூற்று நாற்பத்தாறு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது எண்ணினேன். நூற்று நாற்பத்தாறில் ஒன்றுகூடச் சோதனை இல்லை. செங்கல்லைத் தொட்டியில் போட்டிருந்தாலும் எட்டுதான் காட்டியிருக்கும்.

புரோப்பைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். திங்களன்று உன் அப்பாவுக்கு அது போகாது. அதை மட்டும் உடனே உனக்கு மெசேஜில் போட்டுவிட்டேன், இத்தனை நாள் கழித்து உன் நம்பரைத் திறந்து. நீ கூப்பிட்டாய். எடுக்கவில்லை. இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் அறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி போனேன், உள்ளே யாரோ இருந்தார்கள், அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். வெறுமனே புரோப் கெட்டுவிட்டது என்று சொன்னால் போதும். புதிது வரும், நான் உப்பு போட ஆரம்பிப்பேன், ஒருத்தருக்கும் தெரியாது. இதை எழுதும்போதே எனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாளைக்குக் காலையில் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

பிரகதி


பாபநாசம்
16 அக்டோபர் 2024

செவ்வந்தி,

இதை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதவில்லை. விசாரணை முடியும் வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீரையண்ணனை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழன் காலை சொன்னேன். முழுவதையும் சொன்னேன், தண்ணீர் நான் கேட்டு வாங்கியது என்பது வரைக்கும். பெரிய டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செப்டம்பர்ல என்கிட்ட கொண்டுவந்து காட்டினியே, அது இதுதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

பதிவேட்டில் என் நூற்று நாற்பத்தாறு வரிக்கும் பக்கத்தில் 'இந்தச் சோதனை செல்லாது' என்று சிவப்பு மசியில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேனேஜர், "மொத்தமா ஒரே வரியில எழுதிடும்மா" என்றார். மாட்டேன் என்றேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக ஒரு வேலை செய்தேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு அண்ணன் சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திங்களன்று டாக்டரின் கடிதத்தோடு திருச்சிக்குப் போனார்கள், நானும் ஆம்புலன்ஸில் கூடப்போனேன், யாரும் கூப்பிடவில்லை. அங்கே உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால், "தொட்டியில் உப்பு போடுறீங்களா?" என்று அந்த டெக்னீஷியனிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போடுகிறோம் என்றாள். இதயத்தில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி இருக்கிறது. அதனால் இப்போது ஷாக் கிடையாது, ஆறு வாரம் மாத்திரை, பிறகு மறுபடி பார்ப்பார்கள். தொண்டை சரியாக இருக்கிறது. "நடவுக்கு ஆள் வந்துச்சான்னு கேட்டு சொல்லு தாயி" என்றார். கேட்டுச் சொன்னேன். வந்திருக்கிறார்கள்.

ஜூலை கடைசிக்குப் பிறகு அந்தப் புரோப் போட்ட ஐம்பத்து மூன்று பேருக்கும் ஃபோன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஜூலை கடைசி என்று எப்படித் தெரிந்தது என்றால், உன் பதிவேட்டை வைத்துத்தான். அதுவரைக்கும் இருபத்து நாலு, அதற்குப் பிறகு எழுபதுக்கு மேல். ரொம்பப் பேருக்கு ஒன்றுமில்லை. தர்மாம்பாள் என்று ஓர் அம்மா. ஆகஸ்ட் கடைசியில் பார்த்தது. அன்றையிலிருந்து தொண்டை எரிச்சல், இரண்டுமுறை வந்திருக்கிறார்கள், வாயுத் தொல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இப்போது குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் புண். ஏழு வாரமாக அந்த அம்மா கஞ்சித் தண்ணீர்தான். ஆறிவிடும் என்கிறார்கள். என் எட்டு அந்த அம்மா தொண்டைக்குள் இருக்கிறது.

உன் கடிதங்களை விசாரணையில் கொடுத்துவிட்டேன். என்னைக் கேட்காமல் கொடுத்தாயே என்று திட்டாதே. செவ்வந்தி அப்போதே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உன்னைத் தஞ்சாவூருக்கே திரும்ப அழைக்கப்போகிறார்கள், என் இடத்துக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் குறைவு.

இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு. இரண்டுக்கும்.

பிரகதி


வேதாரண்யம்
18 அக்டோபர் 2024, வெள்ளி

அன்புள்ள பிரகதி,

அப்பாவோடு போனதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அந்தப் புள்ள என் பக்கத்துலயே ஒக்காந்திருந்துச்சு" என்று அவர் நாலுமுறை சொல்லிவிட்டார்.

தஞ்சாவூர் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தியாகம் என்று நினைக்காதே. காரணம் எழுதுகிறேன், எழுதத்தான் மூன்று தாள் வீணாயிற்று.

தர்மாம்பாள் கோடியக்காட்டுக்காரி. உப்பளத்தில் வேலை. ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை இங்கேதான் வந்தாள். அன்றைக்கு 75 காட்டியது. பதிவேட்டில் ஃபெயில் என்று எழுதிவிட்டு வெளியே வந்து, திங்கட்கிழமை தஞ்சாவூர் போகச் சொன்னேன். "இங்கயே பாத்துடக் கூடாதாம்மா? எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது, வாந்தி வரும்" என்றாள். "இங்க மிஷின் சரியில்லம்மா. தஞ்சாவூர்ல நல்லா பாப்பாங்க" என்றேன். அவள் போகவேண்டிய தேதியை என் கையால் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நான் தள்ளிய அந்தப் புரோப் மறுநாள் காலை வீரையண்ணன் வேனில் அதே சாலையில் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே நீ பாஸ் என்று எழுதுவாய் என்பதும் தெரியும். திங்களன்று அதையே அவள் வாயில் வைப்பார்கள் என்பதும் தெரியும்.

அப்படிப் பத்தொன்பது பேரை அனுப்பியிருக்கிறேன். நேற்று எண்ணினேன்.

பெரிய டாக்டர் ஒவ்வொரு வெள்ளியும் இங்கே வருகிறார். இங்கே எர்த்திங் கோளாறு என்று மேனேஜர் சொன்னதை நம்பிக்கொண்டு எனக்கு இரண்டடி தள்ளி நின்று டீ குடிக்கிறார். "சார், தஞ்சாவூரிலும் இதே புரோப்தான் சார், எடுத்து நிறுத்துங்கள்" என்று ஒரு வாக்கியம் போதும். மேனேஜரிடம் ஒருமுறை சொன்னேன், வாயை அடைத்தார், சரி என்று விட்டுவிட்டேன். பயமும் இருந்தது, மறுபடி இன்னும் தூரமாகத் தூக்கிப்போட்டுவிடுவார்களோ என்று. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி என்னவென்றால், நீ தவறு என்று நீயே உன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. மற்றவர்கள் சொல்லித் தெரிந்தால் எனக்குப் போதாது. அதற்காகத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் எண் ஏறும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்தால் இத்தனை எழுதியதற்கு அர்த்தமில்லை.

என் அப்பா பெயர் வந்ததும்தான் தலைதெறிக்க ஓடிவந்தேன். அப்போதும் அப்பாவுக்கு மட்டும் வேண்டாம் என்றுதான் கேட்டேன்.

உனக்கு எட்டு என்று காட்டியது, நீ நம்பினாய். எனக்கு எழுபத்தைந்து என்று சரியாகவே காட்டியது. தெரிந்துகொண்டு ஒரு பொம்பிளையை பஸ் ஏற்றிவிட்டேன். இதையெல்லாம் விசாரணைக்கு எழுதி, பத்தொன்பது பெயரையும் சேர்த்து இன்று காலை அனுப்பிவிட்டேன். பாராட்டினவர்கள் படிக்கட்டும்.

மத்தியானம் தர்மாம்பாள் வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஆறின கஞ்சியை ஸ்பூனில் எடுத்து எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். குரல் சரியாக வரவில்லை. "நீதான தஞ்சாவூர்ல நல்லா பாப்பாங்கன்னு சொன்ன பொண்ணு" என்று கேட்டாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். ஒன்பது மணிக்கு வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீயும் வா. நான் மட்டும் போனால் மறுபடியும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

செவ்வந்தி